கைலாயத்துக்குக் காரில் போனால் மலை நோய் வராதா?

2025 ஏப்ரல் 27 – வாசகர் ஒருவரின் கேள்வி

ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு கைலாய யாத்திரை மறுபடி தொடங்கப்போவதாக இந்திய அரசு அறிவித்துவிட்டது. குலுக்கலில் பெயர் வருவது சந்தேகம். அதனால் அப்பா (66), அம்மா (61) இருவரையும் காத்மாண்டு வழியாகத் தனியார் குழுவில் அனுப்ப நினைக்கிறேன். ஹெலிகாப்டர் வழி ஒன்று, கார் வழி ஒன்று என்கிறார்கள். ஹெலிகாப்டர் என்றால் ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் சட்டென்று இறக்கிவிடுவார்கள், மலை நோய் வந்துவிடும், உடம்பு தாங்காது. காரில் மெல்ல மெல்ல ஏறுவதால் தானாகப் பழகிவிடும். கியிரோங் சாலை வழியையே முடிவு செய்துவிடலாம்தானே?

ஏப்ரல் 28, இரவு

பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கைலாயம் போனதில்லை. போன அக்டோபரில் லாசாவிலிருந்து காத்மாண்டு வரை சாலை வழியே வந்தேன். நீங்கள் சொல்லும் கியிரோங் சாலை என் பயணத்தின் கடைசிப் பகுதி. அதில் நான் இறங்கினேன், உங்கள் பெற்றோர் ஏறப்போகிறார்கள். சங்கதி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நேபாள எல்லையை ஒட்டிய திபெத் ஊரான கியிரோங் சுமார் 2,800 மீட்டர். பைன் மரங்களும் ஈரக்காற்றுமாக, கிட்டத்தட்ட நேபாளம் மாதிரியே இருக்கும். அங்கே ஓரிரு இரவு தங்கவைத்துவிட்டு மறுநாள் காலை வண்டி கிளம்பும். 5,200-ஐத் தாண்டும் ஒரு கணவாய், பெய்கு ஏரி, அப்புறம் சாகா. சாகா ஏறத்தாழ 4,500 மீட்டர், அன்றைக்கு ராத்திரி படுக்கை அங்கே. ஒரே பகலில் 1,700 மீட்டர் உயர்வு. இதை "மெல்ல மெல்ல" என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 29, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

மலை மருத்துவம் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பதுதான். பகலில் எந்தக் கணவாயைத் தாண்டினீர்கள் என்பது அதற்குப் பிறகு வருகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் 5,000 மீட்டர் கணவாயில் இறங்கிப் படம் எடுத்துவிட்டுக் கீழே வந்து படுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது ஹெலிகாப்டர் வழியைப் பாருங்கள். நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், சுமார் 2,900 மீட்டர். அங்கே ஓர் இரவு. மறுநாள் ஹெலிகாப்டரில் எல்லை ஊரான ஹில்சா, அங்கிருந்து பஸ்ஸில் திபெத்துக்குள் தக்லாகோட், ஏறத்தாழ 3,900 மீட்டர். அங்கே நல்ல ஏஜென்சியாக இருந்தால் இரண்டு இரவு. அப்புறம் 4,590 மீட்டரில் மானசரோவர். இரவுக்கு இரவு கணக்குப் போட்டால் ஆயிரம், அப்புறம் எழுநூறு. இதுவும் விதியை மீறியதுதான். ஆனால் 1,700-ஐ விடத் தேவலை. நீங்கள் பயந்த ஹெலிகாப்டரின் கணக்கு, நம்பிய காரின் கணக்கை விட நன்றாக இருக்கிறது.

ஹெலிகாப்டரில் போங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் சிமிகோட் விமானங்கள் மேகத்துக்காக நாள்கணக்கில் காத்துக்கிடப்பது தனிக்கதை.

மே 2

"லாசா வழியாக ரயிலில் போனால் உடம்பு பழகிவிடும் என்கிறார்களே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் ரயிலில்தான் போனேன். ஷினிங்கிலிருந்து லாசா, ஏறக்குறைய ஒரு முழு நாள். கோல்முட் – லாசா பகுதி 2006 ஜூலை 1-ல் திறந்தது. தங்லா கணவாயில் தண்டவாளம் 5,072 மீட்டரில் போகிறது. பெட்டிக்குள் ஆக்ஸிஜன் கலந்த காற்று விடுகிறார்கள், படுக்கைக்குப் பக்கத்தில் குழாய் மாட்டிக்கொள்ள துவாரமும் உண்டு. பழக்கம் என்று சொல்லும் அளவுக்கு நேரமே கிடையாது. காலை வெளிச்சத்தில் உறைந்த சதுப்புநிலமும் காட்டுக் கழுதைகளும் பார்த்தேன், கூடவே தலைவலி. விமானத்தில் வந்தவர்களுக்கும் அதே தலைவலி, லாசாவில் வந்தது.

லாசாவில் முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யாதீர்கள். போட்டாலா அரண்மனைக்கு ஏகப்பட்ட படிகள். அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். பார்கோர் தெருவில் பெரியவர்களோடு சேர்ந்து வலமாகச் சுற்றுவது, டீக்கடையில் உட்கார்ந்து இனிப்பு டீ குடிப்பது, இவ்வளவு போதும். டீயைத் தம்ளர் தம்ளராக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், மேசைமேல் சில்லறையை வைத்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வெண்ணெய் டீ பற்றி எழுத மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

மே 2, மறுபடியும்

கேட்டதால் என் வழியைச் சொல்கிறேன்: லாசா, யாம்ட்ரோக் ஏரி, கியான்ட்சே, ஷிகாட்சே, லாட்சே, எவரெஸ்ட் அடிவாரத்து மடமான ரொங்புக், பெய்கு ஏரி, கியிரோங், நேபாள எல்லையான ரசுவாகடி, காத்மாண்டு. என்னைப்போன்ற சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சீனாவுக்குள் 30 நாள் விசா வேண்டாம். ஆனால் திபெத்துக்கு அது போதாது. தனி பெர்மிட், கூடவே கைடு, ஏஜென்சி வண்டி எல்லாம் கட்டாயம். வெளிநாட்டுக்காரர் தன்னந்தனியாக பஸ் பிடித்துச் சுற்ற முடியாது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முழுக்கப் பொதுவாக பெர்மிட்டே கொடுப்பதில்லை. காத்மாண்டு பக்கமிருந்து நுழைபவர்களுக்குக் குழு விசா. பெயர்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும், குழுவை விட்டுத் தனியாகத் திரும்புவது பெரும்பாடு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன ஏற்பாடு என்று ஏஜென்சியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மே 6

இயற்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று புகார் வந்திருக்கிறது. சரி, இதோ.

லாசாவை விட்டுக் கிளம்பிய அன்றே காம்பா கணவாய். 4,700-க்கு மேல். வளைந்து வளைந்து ஏறி உச்சியில் திரும்பியதும் யாம்ட்ரோக் ஏரி கீழே கிடக்கிறது. 4,441 மீட்டரில் இருக்கும் நீர். தேள் மாதிரி கைகால் நீட்டிய ஏரி என்பார்கள், மேலிருந்து ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. நிறத்தைப் பற்றிச் சொன்னால் போட்டோஷாப் என்பீர்கள். பக்கத்தில் ஒரு பிரம்மாண்ட நாயைக் கட்டி வைத்து, கூட நின்று படம் எடுக்கக் காசு கேட்கிறார்கள். அந்த நாய்க்கு எங்கள் எல்லோரையும் விட நன்றாக மூச்சு வந்தது.

அப்புறம் காரோ லா (லா என்றால் கணவாய்). சாலை ஓரத்திலேயே பனியாறு தொங்குகிறது, 5,000 சொச்சம் உயரம். 1904-ல் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பெண்டின் படை இந்தப் பக்கமாகத்தான் லாசாவுக்குப் போனது. கியான்ட்சே கோட்டையை அந்த ஜூலையில் பீரங்கி வைத்து உடைத்தார்கள். சுட்டவர்களில் கணிசமானோர் இந்தியச் சிப்பாய்கள். கோட்டை அடிவாரத்தில் நின்றபோது எங்கள் கைடு இந்தக் கதையை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் சிங்கப்பூர் என்று சொல்லிப் பார்த்தேன், பயன் இல்லை.

கியான்ட்சேயில் பல்கோர் மடத்துக்குள் அடுக்கடுக்காக எழும் ஸ்தூபம், 15-ஆம் நூற்றாண்டு வேலை. ஒவ்வொரு அடுக்கிலும் சின்னச் சின்னச் சன்னதிகள், சுவரெல்லாம் ஓவியம். ஏறிச் சுற்றி வந்தேன், மூச்சு வாங்கியது. நேரத்தைப் போட்டாலாவைவிட இங்கே செலவிடுங்கள் என்பேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஷிகாட்சேயில் தாஷில்ஹுன்போ மடம், 1447-ல் நிறுவியது. கைடுகளிடம் இந்த மாதிரி இடங்களில் பஞ்சன் லாமா (இந்த மடத்தின் தலைமைக் குரு), தலாய் லாமா என்று அரசியல் கேள்வி கேட்காதீர்கள். நாம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், அவர் அங்கேயே இருக்க வேண்டும். போனில் தலாய் லாமா படம் இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள்.

லாட்சேக்குப் பக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 318-ன் 5,000-ஆவது கிலோமீட்டர் கல். ஷாங்காயில் தொடங்கும் சாலை. சீனத்து சைக்கிள்காரர்கள் அதைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டியிருந்தது.

மே 7

"லாசா வழி ஆபத்தே இல்லை என்கிறீர்களா?" இல்லை. நான் போன அதே நிகழ்ச்சி நிரலிலும் ஒரு மோசமான இரவு இருந்தது.

ஷிகாட்சே 3,840. மறுநாள் இரவு ரொங்புக், ஏறத்தாழ 5,000. கிட்டத்தட்ட 1,150 மீட்டர் தாவல். லாசாவில் தங்கிய நாட்கள் எனக்குக் கைகொடுத்தன, ஆனால் முழுக்க இல்லை.

அன்று பகல் பயணம் அற்புதம், அதில் சந்தேகமே வேண்டாம். கியாட்சோ லா 5,248 மீட்டர். பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, டிரைவர் ஜன்னலை இறக்கி "லா கியாலோ" (தெய்வங்களுக்கு வெற்றி) என்று கத்தினார். பிறகு கவு லா. அங்கே வண்டியை விட்டு இறங்கியதும் மக்காலு, லோட்சே, எவரெஸ்ட், சோ ஓயு வரிசையாக நிற்கின்றன. அக்டோபர் என்பதால் மேகம் இல்லை. கீழே சாலை பாம்பாக நெளிந்து இறங்குகிறது. கடைசிப் பகுதிக்குச் சொந்த வண்டி கூடாது, அரசு பஸ்ஸுக்கு மாற வேண்டும். பழைய பேஸ் கேம்ப்வரை போக முடியாது, சுற்றுலாக்காரர்களை மடத்துப் பக்கமே நிறுத்திவிடுகிறார்கள்.

ராத்திரி. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. சில விநாடி கழித்துத் திடுக்கிட்டு விழித்துப் பெருமூச்சாக இழுக்கிறோம். மறுபடி கண் அசந்தால் மறுபடி அதே. அந்த உயரத்தில் இது சகஜம், இது மட்டும் இருந்தால் ஆபத்து இல்லை என்று படித்திருந்தேன். படித்தது அந்த இருட்டில் உதவவில்லை. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு பிளஸ் டூ மார்க் மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு என்று. விரல் சில்லிட்டிருந்தால் அந்தக் கருவி என்ன வேண்டுமானாலும் காட்டும். எண்ணைவிட நடையைக் கவனியுங்கள். எங்கள் குழுவில் ஒருவர், வயதில் என்னைவிடச் சின்னவர், கழிவறைக்குப் போகும்போது குடித்தவரைப்போலத் தள்ளாடினார். தலைவலி, வாந்தி வேறு. கைடு ஒரு விநாடி யோசிக்கவில்லை. ஆக்ஸிஜன் மாட்டி, வண்டி வரவழைத்து, நடு ராத்திரி கீழே அனுப்பிவிட்டார். திங்ரி பக்கம் 4,300-க்கு இறங்கியதும் பேச ஆரம்பித்துவிட்டாராம். அந்தத் தள்ளாட்டம் மூளையில் நீர் கோப்பதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுவது, இருமலில் நுரை வருவது நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது.

மே 7, சற்று நேரம் கழித்து

ஷேகர் அல்லது திங்ரியில் (4,300) ஓர் இரவு கூட்டிக்கொண்டு ரொங்புக் போகும் ஏஜென்சிகளும் இருக்கின்றன. ஒரு நாள் செலவு கூடும். இன்னொருமுறை போனால் அப்படித்தான் போவேன்.

மே 15

டயமாக்ஸ் என்ற மலை நோய் மாத்திரை பற்றிப் பலர் கேட்டிருப்பதால் ஒரே இடத்தில் சொல்கிறேன். வருமுன் காக்கப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்து. விரல் நுனி மதமதக்கும். சிறுநீர் அடிக்கடி வரும். சோடா, கோலா சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். முதலில் கேட்டவரே, உங்கள் அப்பா பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்கிறீர்கள், டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டால் 1,700 மீட்டர் தாவலாம் என்ற அர்த்தமும் இல்லை.

கடைகளில் ஆக்ஸிஜன் டப்பா விற்கிறார்கள், தலைமுடி ஸ்ப்ரே அளவில். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மனதுக்கு நல்லது.

"திபெத்தியர்களுக்கு எப்படி ஒன்றும் ஆவதில்லை?" அவர்களிடம் இருக்கும் இபிஏஎஸ்1 என்ற மரபணு வகைதான் முக்கியக் காரணம் என்று 2010-ல் ஆய்வுகள் வந்தன. நம் உடம்பு உயரத்தில் சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொள்ளும், அவர்கள் உடம்பு அப்படிச் செய்வதில்லை. டெனிசோவன் என்ற பழைய மனித இனத்தோடு ஏற்பட்ட கலப்பில் வந்தது அந்த வகை என்று 2014-ல் கண்டார்கள். காரில் போனாலும் ஹெலிகாப்டரில் போனாலும் அது நமக்குக் கிடைக்காது.

ஜூன் 3

"பக்தி இருந்தால் போதும், நம் முன்னோர்கள் நடந்தே போனார்கள்" என்று எழுதியவருக்கு: அப்பர் பெருமான் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து போனார். வழியில் முனிவராக வந்து இறைவனே தடுத்து, குளத்தில் முங்கச் சொல்லித் திருவையாற்றில் எழவைத்தார் என்கிறது பெரியபுராணம். ஏறுவதை நிறுத்தி, உடனே சமவெளிக்கு இறக்கிவிடுவது. எங்கள் கைடும் அதையே செய்தார்.

இந்திய அரசு யாத்திரையில் 70 வயதுக்கு மேல் ஏற்பதில்லை, உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது, மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பவும் செய்கிறார்கள். நாதுலா வழியில் எல்லை தாண்டுவதற்கு முன்பே சிக்கிமில் உயரத்தில் சில இரவுகள் தங்கவைக்கிறார்கள். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அந்த நிகழ்ச்சி நிரல்தான் எல்லாவற்றிலும் நியாயமாகப் படுகிறது. 2025-ல் உத்தரகாண்டின் லிபுலேக் கணவாய் வழியில் 5 குழு, நாதுலாவில் 10 குழு, குழுவுக்கு 50 பேர் என்று அறிவித்தார்கள். இடம் குறைவு என்பதைத் தவிர வேறு குறை சொல்லத் தோன்றவில்லை.

ஜூலை 9

ரசுவாகடி பாலம் நேற்று விடிகாலை வெள்ளத்தில் போய்விட்டது. நேபாளத்தையும் கியிரோங்கையும் இணைத்த நட்புப் பாலம். நான் அதன்மேல் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்து வந்தேன். உயிர்ச்சேதமும் இருக்கிறது. எல்லையின் சரக்கு முற்றத்தில் நின்ற சரக்கு வண்டிகளும் புது மின்கார்களும் அடித்துக்கொண்டு போகும் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இதுவரை நான் எழுதிய கியிரோங் வழிக் கணக்கெல்லாம் இப்போதைக்குக் காகிதத்தில் மட்டும்தான். முன்பணம் கட்டியவர்கள் ஏஜென்சியை இன்றே கூப்பிடுங்கள்.

ஜூலை 13

அந்தப் பக்கம் மழையே பெரிதாக இல்லாமல் எப்படி வெள்ளம் என்று கேட்டவருக்கு: திபெத் பக்கம் பனியாற்றின் மேலேயே தேங்கியிருந்த ஒரு ஏரி வடிந்ததுதான் காரணம் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்தச் சாலைக்கு இது புதிதும் இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கம் வரை எல்லோரும் ஜாங்மு – கொடாரி என்ற இன்னொரு எல்லை வழியாகத்தான் போனார்கள். அது சிதைந்த பிறகு, 2017-ல்தான் கியிரோங்கை வெளிநாட்டவர்களுக்குத் திறந்தார்கள். இந்த ஜனவரியில் திங்ரி நிலநடுக்கம், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நான் நூடுல்ஸ் சாப்பிட்ட பக்கம்தான் அது. வழி மாறிக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். விடுமுறையைக் கணக்காக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தாமதமானால் ஏஜென்சி முதலில் வெட்டுவது ஓய்வு நாளைத்தான்.

ஆகஸ்ட் 24

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்: பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டார்களாம். பாலம் திரும்ப வந்தால் கியிரோங், இல்லாவிட்டால் ஹில்சா. நல்லது.

கியிரோங் என்றால் ஏஜென்சியிடம் இதைக் கேளுங்கள்: கியிரோங்குக்கும் சாகாவுக்கும் நடுவில் சோங்கா என்ற மாவட்டத் தலைமையூர் இருக்கிறது, சுமார் 4,100 மீட்டர். கியிரோங்கில் இரண்டு மூன்று இரவு தங்கி, பகலில் மேட்டில் நடந்து பழகி, சோங்காவில் ஓர் இரவு படுத்து, அப்புறம் சாகா. அப்போதும் 1,300 மீட்டர் தாவல் இருக்கிறது. ஆனால் 1,700 இல்லை. ஒவ்வொரு இரவும் எந்த ஊர், எத்தனை மீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவர்களிடம் போகாதீர்கள். கைலாயத்தைச் சுற்றி வரும் பரிக்கிரமாவில் டோல்மா லா 5,600-ஐத் தாண்டும். அதை அம்மா பார்த்தே ஆக வேண்டுமா என்பதை, பரிக்கிரமா தொடங்கும் தார்ச்சென் ஊர் போய் முடிவெடுத்துக்கொள்ளலாம், இங்கிருந்தே சபதம் போட வேண்டாம்.

சாப்பாடு: அம்மா முட்டைகூடத் தொடமாட்டார் என்கிறீர்கள். நான் வழியெல்லாம் சிச்சுவான் கடைகளில் தக்காளி முட்டைப் பொரியலும் சோறுமாக ஓட்டியவன், அந்த வழி அவருக்கு அடைபட்டது. காத்மாண்டுக் குழுக்களோடு பெரும்பாலும் நேபாளச் சமையல்காரர்கள் கூடவே வருவார்கள், பருப்பும் உருளைக்கிழங்கும் கிடைத்துவிடும். அவர்களிடம் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் வைத்த சோறு நடுவில் அரிசியாகவே இருக்கும்.